ஒரு தணிகாசலம், தொட்டுக்க நெத்திலி

தேங்காய்த்திட்டுக்குப் போகிற வழியில், மீன்பிடித் துறைமுகத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலத்தில் ஐஸ் கட்டி செய்துகொண்டிருந்த கட்டடம் ஒன்று உண்டு. ஐஸ் செய்தவர்கள் போய்ச் சேர்ந்து, புறாக்கள் குடிவந்து, புறாக்களுக்கும் சலித்துப்போன பிறகு, அந்துவான் என்கிற முப்பது வயசுக்காரன் பிரான்சில் பீர் காய்ச்சப் படித்துவிட்டு வந்து, அங்கே நாலு எவர்சில்வர் டேங்குகளை நிறுத்தி, மேசை நாற்காலி போட்டு, அடுப்பும் பற்றவைத்தான், வாசலில் அவன் என்ன பெயர் எழுதி மாட்டினாலும் புதுச்சேரி ஜனங்கள் அதை ஐஸ் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். அந்த ஐஸ் கம்பெனியின் கரும்பலகையில் ஏழு வாரம் என் பெயர் எழுதியிருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. டீக்கடையில் போண்டா, பஜ்ஜி என்று எழுதிப்போடுவார்களே, அந்த வரிசையில் எழுதியிருந்தது.

என் பெயர் தணிகாசலம். ஒரு அரசாங்க அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர், அதாவது வருகிற கவருக்கு முத்திரை குத்துவேன், போகிற கவருக்கு நம்பர் போடுவேன், முப்பத்தோரு வருஷத்தில் என் கையைத் தாண்டிப்போன ஒரு கவர்கூடத் தவறினதில்லை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். எனக்கு இன்னும் இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று என் நாக்கு. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஐஸ் கம்பெனியின் மூலை மேசையில் போய் உட்கார்ந்து, அந்துவான் கொண்டுவந்து வைக்கிற கேழ்வரகு பீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மோந்து, கண்ணை மூடி, "தம்பி, இந்தத் தடவை கொத்தமல்லி ஒரு சிட்டிகை தூக்கலா இருக்குதே" என்பேன். அவன் கொத்தமல்லியே போட்டிருக்க மாட்டான். "ஆமாண்ணே" என்பான். நல்ல பிள்ளை. பிறகு நெத்திலி வறுவல் வரும், வடகம் தாளித்த கடம்பா மீன் வரும், வயிறு நிறைய நிறைய என் நாக்கின் ஞானமும் கூடிக்கொண்டே போகும்.

இன்னொரு பெருமை என் வலது கை. கல்யாணமான இரண்டாவது வாரம் என் மனைவி பூங்கோதை, "என் கை சில்லுன்னு இருக்குதுங்க, நான் கரைச்சா மாவு பொங்கவே மாட்டேங்குது, நீங்க ஒரு தடவை கலக்கிப் பாருங்களேன்" என்றாள். கல்லுப்பைப் போட்டுக் கையை விட்டேன். விடிகாலையில் மாவு குண்டானின் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றது. அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷம், புதனும் சனியும், எங்கள் வீட்டு இட்லி மாவைக் கலக்குகிறவன் நான்தான். மார்கழி மாசத்துக் குளிரில் தெருப் பெண்கள்கூடக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், உங்க கைய ஒரு தடவை விட்டுக் குடுங்க" என்பார்கள், நானும் பெரிய டாக்டர் மாதிரி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருப்பேன்.

இந்தக் கைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஐப்பசி மாசம், அடைமழை. அந்துவானுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற ஈஸ்ட் வழியில் எங்கேயோ கெட்டுப்போய்ச் செத்து வந்து சேர்ந்தது, அது தெரியாமல் அவன் அதைக் கொட்டிவிட்டான், மூன்றாம் டேங்கில் மாப்பிள்ளைச் சம்பாவும் பார்லியும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஆயிரம் லிட்டர் இரண்டு நாளாக ஒரு குமிழிகூட விடாமல் செத்த குளமாகக் கிடந்தது. அவன் ஏணியடியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா ராயப்பன், பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊரில் எல்லோருக்கும் சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், முதல் மேசையில் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அப்போது இரண்டாவது கிளாஸை முடித்திருந்தேன். முதல் கிளாஸோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை கிடையாது.

"தம்பி, மாவு புளிக்கலேன்னா என்ன பண்ணுவோம்? கைய விட்டுக் கலக்குவோம்" என்று எழுந்தேன்.

"அண்ணே, இங்க கை படக்கூடாதுண்ணே. குழாய்கூட கொதிக்கவச்சுத்தான் மாட்டறோம்."

"உங்கம்மா கையுறை போட்டுக்கிட்டா மாவு கரைச்சாங்க?"

இரண்டு நாளாகத் தூங்காதவனிடம் எந்தக் கேள்விக்கும் பதில் இருக்காது, அதை நான் என் ஞானத்துக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். கடிகாரத்தைக் கழற்றி சொல்தாவிடம் கொடுத்தேன், அடுப்படியிலிருந்து ஒரு கைப்பிடி கல்லுப்பு வாங்கினேன், ஏணியில் ஏறி, மேல்மூடியைத் திறந்து, தோள்பட்டை வரைக்கும் வலது கையை உள்ளே விட்டு, வலப்பக்கம் மூணு சுற்று, இடப்பக்கம் மூணு சுற்று, வீட்டில் கலக்குகிற மாதிரியே கலக்கினேன். அந்துவான் கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் காலையில் டேங்க் பொங்கி, நுரை குழாய் வழியாக வாளிக்கு வந்து, வாளியிலிருந்து தரைக்கு வந்து, வாசல்படியையும் தாண்டிவிட்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் திறந்தார்கள். முதல் கிளாஸ் வழக்கம்போல சொல்தாவுக்கு. அவர் நுரையை உறிஞ்சினார், மீசையைத் துடைத்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தணிகாசலம், கொடியேத்தும்போது கால்சட்டையிலேயே போயிட்டியா நீ?"

மூன்றாம் வகுப்பில், சுதந்திர தினத்தன்று, முன்வரிசையில். பெற்ற தாய்க்கே சொல்லாத விஷயம். தண்ணீர்ப் பானை உடைந்ததாகத்தான் சொல்லியிருந்தேன்.

"உப்பு தெரியுதாப்பா?" என்று கேட்டான் அந்துவான், அவன் கவலை அவனுக்கு.

"அந்தக் கால்சட்டையைத் தாண்டிட்டா நல்லா எறங்குது" என்றார் சொல்தா. "பா மால்." பரவாயில்லை என்பதை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார்.

விஷயம் இவ்வளவுதான். கை எதைப் புளிக்கவைத்ததோ அதற்குள் கைக்காரனும் இறங்கிவிட்டான். மூன்றாம் டேங்க் பீரைக் குடித்தவர்களுக்கு, கிளாஸ் தீருகிற வரைக்கும், என் ஞாபகங்கள் அவர்களுடைய ஞாபகங்களாக வந்தன. நுரையில் பள்ளிக்கூடம், அதற்குக் கீழே வாலிபம், பாதி கிளாஸில் கல்யாணம், அதற்கப்புறம் நீளமாக ஆபீஸ். ஊர் இதை இரண்டே நாளில் பழக்கிக்கொண்டது. கரும்பலகையில் அந்துவான் 'தணிகாசலம் - மாப்பிள்ளைச் சம்பா' என்று எழுதினான், வருகிறவர்கள் உட்காரும்போதே "ஒரு தணிகாசலம், தொட்டுக்க நெத்திலி" என்றார்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் "அரை தணிகாசலம் போதும்" என்றார்கள், கல்யாணப் பேச்சுக்கு வந்த இரண்டு வீட்டார் ஆளுக்கு ஒரு தணிகாசலம் குடித்துவிட்டு, இந்த மாதிரி மாப்பிள்ளை மட்டும் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவெடுத்து, அதிலேயே நெருங்கிப்போய் மாப்பிள்ளை வீட்டின் இன்னொரு பிள்ளைக்குத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். சுகாதார ஆய்வாளர் வந்தார், டேங்கில் கை விட்ட புகாரை விசாரிக்க மூன்று கிளாஸ் குடித்தார், சுத்தத்தில் குறையில்லை, ஆனால் சம்பந்தப்பட்டவர் நண்பனிடம் இரவல் வாங்கின குடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தெருவில் எனக்கு அறிமுகமில்லாதவர்கள் என்னை நிறுத்தினார்கள். முத்தியால்பேட்டையில் ஒருவர், என் கல்யாணத்துப் பாயசத்தில் முந்திரி குறைச்சல் என்றார். இன்னொருவர், ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தேன் என்று நான் சொல்லித் திரிவது சரிதான், ஆனால் ஓடினதே இரண்டு பேர் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதானே நியாயம் என்றார். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்து, "சார், உங்கப்பா செத்தப்ப நீங்க அழவே இல்ல, கல்லு மாதிரி நின்னீங்க. நேத்து நான் ரெண்டாவது கிளாஸ்ல உங்களுக்காக நல்லா அழுதுட்டேன், இனிமே அதப் பத்திக் கவலப்படாதீங்க" என்றார். அன்றைக்கு இரவு எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மொத்தத்தில் ஊரே என் வாழ்க்கையைக் குடித்துப் பார்த்துவிட்டு, சுமார் என்றது. ஆரம்பம் கலகலப்பு, நடுவில் ஆபீஸ் வந்ததும் இழுக்கிறது, காரமாக எதையாவது கடித்துக்கொண்டால்தான் ஓடுகிறது என்பது பொதுவான அபிப்பிராயம். நெத்திலி வியாபாரம் மூன்று மடங்கானது.

எனக்கு இதிலெல்லாம் வெட்கமில்லை, வெட்கப்பட நேரமில்லை. என் பயமே வேறு. அந்துவான் பீரை வடிகட்டுவதில்லை, அதனால் கிளாஸின் அடியில் ஒரு விரற்கடை மண்டி தங்கும். அந்த மண்டியில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பூங்கோதை கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கினவள். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், காரைக்காலில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள், அவள் மூன்று நாள் உட்கார்ந்து, அடித்து எழுதி, திரும்ப எழுதி, முத்துமுத்தாக விண்ணப்பம் போட்டு, கவரை ஒட்டி, "நீங்கதான் தபால் பிரிவு ஆச்சே, போற வழியில போட்டுடுங்க" என்று என்னிடம் கொடுத்தாள். காரைக்கால் இங்கிருந்து மூணரை மணி நேரம். அவள் அங்கே போய்விட்டால் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவாள், என்னைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பாள், என்னைவிடக் கெட்டிக்காரி என்பது அவளுக்கே தெரிந்துபோய்விடும். நாலு நாள் கவரைப் பையிலேயே வைத்திருந்தேன். கடைசித் தேதி முடிந்த சாயங்காலம் பெரிய வாய்க்காலில் போட்டேன். அது முழுகவில்லை. கல்லை விட்டெறிந்தேன். அப்போதும் முழுகவில்லை. அவள் கையெழுத்து மேல்பக்கமாகத் தெரிய மிதந்துகொண்டே போயிற்று, வயசுவந்த ஒரு ஆம்பிளை, அரசாங்க ஊழியன், ஒரு காகிதத்தைக் கல்லால் அடித்துக்கொண்டே வாய்க்கால் கரையில் கூடவே நடந்தேன்.

பூங்கோதைக்கு அது தெரியக்கூடாது. இருபத்தேழு வருஷமாக எனக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

ஆகவே நான் தினமும் ஐஸ் கம்பெனிக்குப் போய், மேசை மேசையாக நின்று, "மண்டியக் குடிக்காதீங்க, வயித்துக்கு ஆகாது" என்று பிரச்சாரம் பண்ணினேன். குடிக்காதே என்றால் குடிப்பார்கள் என்பது தெரிந்த வயசுதான், இருந்தும் பண்ணினேன். வடிகட்டிக் கொடு என்று அந்துவானைக் கெஞ்சினேன். "மூணு தடவ வடிகட்டிட்டேன்ணே, எல்லாம் போகுது, அது போகல" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அவனும் குடித்துவிட்டான் என்று அப்போது தெரிந்தது. சொல்தா ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கல்லு எதுக்குடா விட்டெறிஞ்ச?" என்று மட்டும் கேட்டார்.

"முழுகலைங்க" என்றேன்.

பூங்கோதை பீரைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் இருந்தாள். குடித்துப் பார்க்கச் சொன்ன தெருப் பெண்களிடம், "இருபத்தெட்டு வருஷமா வீட்டுலயே கிடக்குது, அதப்போயி கிளாஸ்ல வேற ஊத்திக் குடிக்கணுமா" என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

ஆனால் ஊர் கெடுத்தது. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னையும் திட்டவில்லை, அதற்குப் பதிலாக எல்லோரும் அவளிடம் மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். மீன்காரி செங்கேணி, இருபது வருஷமாக அவளிடம் சண்டை போட்டே மீன் விற்றவள், ரெண்டு சங்கரா அதிகமாகப் போட்டு, "எடுத்துக்கோ யம்மா" என்றாள். ரேஷன் கடையில் வரிசை விலகி வழிவிட்டது. தபால்காரர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் கேட்டைத் தாண்டின பிறகுதான் ஏறினார்.

"ஏங்க, எனக்கு ஏதாவது பெரிய வியாதின்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். தபால் பிரிவுக்காரன் முகம் முத்திரை குத்தின மாதிரி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

"சனிக்கிழமை நானும் வரேன்" என்றாள்.

அவள் உள்ளே நுழைந்ததும் ஐஸ் கம்பெனியில் அம்பது பேர் பேச்சை நிறுத்தினார்கள். சுற்றிப் பார்த்தாள், டேங்குகளைப் பார்த்தாள், அதிலிருக்கிற அளவு முள்ளைக் கிட்டப்போய்ப் பார்த்தாள், கரும்பலகையில் என் பெயரைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். என் மூலை மேசையில் உட்கார்ந்து, "தம்பி, ஒரு தணிகாசலம் குடுங்க" என்றாள். அந்துவான் மேலாகத் தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டு வந்தான்.

"அடியில தங்கினதையும் கலக்கி ஊத்துங்க. நான் கெமிஸ்ட்ரி படிச்சவ" என்றாள்.

வாழ்நாளில் பீர் குடித்திராதவள் முதல் மடக்கில் முகத்தைச் சுளித்தாள், பிறகு கால்சட்டை விஷயத்துக்கு வாய்விட்டுச் சிரித்தாள், பாதி கிளாஸில் மாலையோடு நிற்கிற தன் முகத்தை என் கண்ணால் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு அழகாவா இருந்தேன்" என்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அவள் கிளாஸைச் சாய்த்து மண்டியைக் குடித்தாள். வைத்தாள். அடுப்படியில் தாளிக்கிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

"மூணு கல்லா?" என்றாள்.

"நாலு."

"சரி."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எழுந்தாள். "தம்பி, அடுத்த டேங்க் எப்ப?"

"ரெடிக்கா. இன்னிக்கு ஈஸ்ட் போடணும்" என்றான் அந்துவான்.

"போடாதீங்க."

வளையல்களைக் கழற்றி சொல்தாவிடம் கொடுத்தாள். புடவையைச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். யாரோ உப்பை நீட்டினார்கள். "அது வேணாம், சும்மா மூடநம்பிக்கை" என்றாள். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அந்த நேரத்திலும் என் கைப்பெருமை என்னை விடவில்லை. "தம்பி, அவ கை சில்லுன்னு இருக்கும், பொங்காது" என்றேன். ஏணி மேலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு கையை முங்கவிட்டு, ஒரே ஒரு சுற்று, நிதானமாகக் கலக்கிவிட்டு இறங்கினாள்.

அன்றைக்கு வீட்டில் மாவையும் அவளே கலக்கினாள். விடிந்து பார்த்தால் மாவு குண்டானை விட்டு இறங்கி, மேடையை விட்டு இறங்கி, ஹாலில் என் நாற்காலி வரைக்கும் வந்திருந்தது. நான் கலக்கி ஒருநாளும் அப்படிப் பொங்கினதில்லை. துணியை எடுத்துத் துடைத்தேன். பன்னிரண்டு நாளும் காபி, சாப்பாடு, லைட்டை அணைங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கரும்பலகையில் என் பெயரை அழித்துவிட்டுப் 'பூங்கோதை' என்று எழுதினார்கள். ஊரே போய்க் குடித்தது. நான் போகவில்லை, ஆபீஸ் முடிந்து வரும்போது எதிர்ப்பக்கம் நின்று, வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன். யாரும் விமர்சனம் பண்ணவில்லை, இழுக்கிறது என்று சொல்லவில்லை. நெத்திலியைத் தொடவே மறந்துவிடுகிறார்கள் என்று அந்துவான் சொன்னான். அந்த ஆட்டோக்காரர் வெளியே வந்து, என்னைப் பார்த்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"சனிக்கிழமை வந்துடுங்க" என்றாள் பூங்கோதை. "எல்லாரும் குடிச்சாச்சு. நீங்கதான் பாக்கி."

போனேன். எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். அந்துவான் கலக்கி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை, குடித்தேன்.

நுரையில் வில்லியனூர்ப் பள்ளிக்கூடம், மழையில் நனைந்த ஜியாமெட்ரி பாக்ஸ். அப்புறம் கல்லூரி ஆய்வுக்கூடம், மருந்து சொட்டுச் சொட்டாக விழ, குடுவையில் இருந்த தண்ணீர் ஒரே ஒரு சொட்டில் ஊதாவாக மாறுகிற அந்த நொடி, அதைப் பார்த்து இவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்த சிலிர்ப்பு. எனக்கு ஆயுசில் எதைப் பார்த்தும் அப்படிச் சிலிர்த்ததில்லை. பாதி கிளாஸில் மணவறை, பக்கத்தில் மூக்கில் முடி எட்டிப்பார்க்கிற ஒருத்தன், அது நான். அப்புறம் இரண்டாவது வாரத்துச் சமையலறை. அவள் கரைத்த மாவு குண்டான் நிறையப் பொங்கி நிற்கிறது. அவள் ஹாலை எட்டிப் பார்க்கிறாள். நான் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். இந்த ஆளு ஒரு வேலையாவது செய்யட்டுமே என்று நினைக்கிறாள், பொங்கின மாவில் பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து, என் கை சில்லுன்னு இருக்குதுங்க என்கிறாள். இருபத்தெட்டு வருஷத்துப் பெருமை. நான் சிரித்துவிட்டேன், சுற்றி இருந்த அம்பது பேரும் அதற்காகவே காத்திருந்த மாதிரி சிரித்தார்கள், பூங்கோதையும் சிரித்தாள்.

"மண்டி இருக்குது" என்றாள்.

குடித்தேன். கேட் கம்பி. மத்தியான வெயிலில் சுடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் கையால், அவள் காலால். தபால்காரர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கிறது, சைக்கிள் கிட்ட வருகிறது, அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். மறுநாளும். அதற்கு மறுநாளும். பதினோரு மாசம். கடைசியில் ஒருநாள் இனி வராது என்று தெரிந்துபோகிறது, உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொள்கிறேன், ஏனென்றால் மணி அஞ்சரை, வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வருகிற நேரம். அவர் வருகிறார். நான்தான் வருகிறேன். "அரசாங்க வேலை, அப்படித்தான்மா, சிபாரிசு இல்லாம கிடைக்காது" என்று சொல்கிறேன், தலையைக் குனிந்துகொண்டு, கண்ணைப் பார்க்காமல். அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். பாவம், என்னைவிட இவருக்குத்தான் வருத்தம் அதிகம் என்று நினைக்கிறாள். மனசு எனக்காக உருகுகிறது. அடுப்பைப் பற்றவைத்து, என் வருத்தம் தீர, எனக்குக் கேசரி கிண்டுகிறாள்.

அந்தக் கேசரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

என் அப்பா செத்தபோது வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. மூலை மேசையில், அம்பது பேருக்கு முன்னால், கிளாஸைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரும் சமாதானப்படுத்த வரவில்லை, அவர்கள் எல்லோரும் அந்தக் கேட்டில் நின்றுவிட்டு வந்தவர்கள். பூங்கோதை நான் முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தாள். ஒட்டி, ஸ்டாம்பு ஒட்டி, முத்துமுத்தான கையெழுத்தில் விலாசம் எழுதியிருந்தது. அந்துவானுக்கு, ஐஸ் கம்பெனி, தேங்காய்த்திட்டு ரோடு. இடது மூலையில், ஈஸ்ட் வளர்ப்புக்கும் பரிசோதனைக்கும் பொறுப்பாளர் வேலை வேண்டி விண்ணப்பம்.

மூன்றடி தள்ளி நின்ற அந்துவான் தன் பெயரைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

"தம்பி, கைய எடுங்க" என்றாள். "தபால்ல வரும்." என் பக்கம் நகர்த்தினாள். "போற வழியில போட்டுடுங்க."

எடுத்துக்கொண்டு எழுந்தேன். துறைமுக ரோட்டின் வளைவில், பூவரச மரத்தடியில் ஒரு சிவப்புப் பெட்டி உண்டு, இருநூறு அடி இருக்கும். வலது பக்கம் முழுக்க ஆறு, மழைக்காலத்துத் தண்ணீர் கரை தளும்பப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் ஐஸ் கம்பெனி முழுக்க கிளாஸும் கையுமாக ரோட்டுக்கு வந்து நின்றது, சொல்தா முன்னால், பூங்கோதை அவருக்குப் பக்கத்தில். முப்பத்தோரு வருஷம் தபால் பிரிவில் இருந்தவனுக்கு ஒரு கவரைக் கொண்டுபோகத் தெரியவில்லை. சட்டைப்பையில் வைத்தேன், பயந்து எடுத்தேன், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், ஆற்றுப் பக்கம் போகாமல் இடது ஓரமாகவே நடந்தேன். பெட்டியின் வாய்க்குள் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டுப் போட்டேன். உள்ளே அது தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில், எடுக்கும் நேரம் மாலை நாலரை என்று எழுதியிருந்தது. அப்போது மணி இரண்டு அம்பது. நான் அங்கேயே நின்றேன்.